அம்மா எத்தனை முறை ஏழையானார்?

கேள்வி: எங்கள் ஊர் குமாரபாளையம். அப்பா ஒரு நூல் மில்லில் 15 வருடம் வேலை பார்த்தார். 2003-இல் மில்லை மூடிவிட்டார்கள். அப்புறம் தறி ஓட்டப் போனார். அம்மா தார் போடுவார், அதாவது தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பார். தறிப் பட்டறை முதலாளியிடம் முன்பணமாக வாங்கிய பாக்கிக்கே இரண்டு பேர் கூலியும் போன காலம் அது. 2012-இல் தம்பிக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை கிடைத்தது. வீட்டுக்கு ஓடு மாற்றினோம், கக்கூஸ் கட்டினோம். 2014-இல் என் கல்யாணக் கடன். அதையும் 2018-க்குள் அடைத்தோம். இனி நாம் ஏழைகள் இல்லை என்று அப்பா வாய்விட்டுச் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

2021-இல் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அடுத்த வருடம் அம்மாவுக்கு முதியோர் பணம் கிடைத்தது. தார் போட்டு வாரம் 600 ரூபாய் வரும். ஒற்றை ஆளுக்குப் போதும் என்றே இருந்தார். போன கார்த்திகையில் பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனையில் 1,80,000 ரூபாய் செலவு. சங்கிலியை விற்று 80,000, தம்பி 25,000, நான் 15,000, மீதி 60,000 அஞ்சு பைசா வட்டிக்கு. அம்மா ஐந்து மாதம் திருப்பூரில் தம்பியின் லைன் வீட்டில் (வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் சின்ன வீடு) இருந்தார். ஒத்துவரவில்லை, திரும்பி வந்துவிட்டார். வந்து பார்த்தால் முதியோர் பணம் நின்றுபோயிருக்கிறது. தாருக்கும் உட்கார முடியவில்லை. நானும் தம்பியும் மாதம் 1,500 வீதம் வட்டி மட்டும் கட்டுகிறோம்.

வீடு அம்மா பெயரில் 1998-இல் வந்த இலவசப் பட்டா நிலத்தில் இருக்கிறது. "என் பேருக்கு எழுதி வை, கடைசிவரைக்கும் பார்த்துக்கிறேன்" என்கிறான் தம்பி. அம்மா எழுதிக் கொடுக்கத் தயார். பெரியம்மா பேத்தி கல்யாணம் ஆவணியில் வருகிறது, அதற்குக்கூட வரவில்லை, மூட்டு வலி என்கிறார். 68 வயதில் அம்மா மறுபடியும் ஏழையாகிவிட்டாரா? இந்த வயதில் இனி மீள முடியுமா? வீட்டை எழுதிக் கொடுக்கலாமா?
— ஈரோட்டிலிருந்து ஒரு மகள்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவதற்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நாளைக்கே நடந்துவிடக் கூடியது. வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டாம். இப்போதைக்கு யார் பெயருக்கும் வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. அம்மா பத்திர எழுத்தரைப் பார்க்கக் கிளம்பினால் இந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்து நிறுத்துங்கள்.

இனி முதல் கேள்வி. உங்கள் கடிதத்தை நான் ஒரு தாளில் கோடாகப் போட்டுப் பார்த்தேன். முதியோரோடு வேலை செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு இது பழக்கம். யார் கதை சொன்னாலும் இடது ஓரத்தில் வருடம், வலது ஓரத்தில் ஏற்றமா இறக்கமா என்று குறித்துக்கொள்வேன். 2003-இல் மில் மூடியது, இறக்கம். 2012 தம்பி வேலை, ஏற்றம். 2014 கல்யாணக் கடன், இறக்கம். 2018 கடன் தீர்ந்தது, ஏற்றம். 2021 அப்பா, இறக்கம். 2022 முதியோர் பணம், சின்ன ஏற்றம். போன கார்த்திகை, இறக்கம். ஆக உங்கள் அம்மா 22 வருடத்தில் நான்கு முறை இறங்கி மூன்று முறை ஏறியிருக்கிறார். "மறுபடியும் ஏழையாகிவிட்டாரா" என்று ஏதோ ஒரு முறை நடந்தது போலக் கேட்கிறீர்கள். அவருக்கு இது நான்காவது தடவை. இறங்கிப் பழகியவர், ஏறியும் பழகியவர். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

இப்படி ஏறி இறங்குவது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. ஹைதராபாத் பக்கத்திலிருக்கும் இக்ரிசாட் என்ற வேளாண் ஆய்வு நிறுவனம் 1975-இலிருந்து தக்காணத்து மானாவாரிக் கிராமங்களில் அதே குடும்பங்களை வருடா வருடம் போய்ப் பார்த்துக் கணக்கெடுத்தது. முதல் ஒன்பது வருடக் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, ஒன்பது வருடமும் ஏழையாகவே இருந்த குடும்பங்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 22. ஒரு வருடம்கூட ஏழையாகாதவை வெறும் 12. மீதி மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் சில வருடம் வறுமைக் கோட்டுக்கு மேலே, சில வருடம் கீழே. நாமோ ஏழை என்றால் அது ஒரு சாதி போல, பிறந்தால் பிறந்ததுதான் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து பிறகு பேராசிரியரான அனிருத் கிருஷ்ணா ராஜஸ்தானில் 35 கிராமங்களில் ஒரு வேலை செய்தார். ஊர்க்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து, கால் நூற்றாண்டில் எந்த வீடு மேலே வந்தது, எந்த வீடு கீழே போனது, ஏன் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார். நூற்றுக்குச் சுமார் 11 வீடு மேலே வந்திருந்தது; அதே காலத்தில் அதே ஊர்களில் 8 வீடு கீழே போயிருந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது அவர் கண்ட காரணங்கள். ஏறியதற்கான காரணமும் இறங்கியதற்கான காரணமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஏறியவர்கள் பெரும்பாலும் வீட்டில் யாருக்கோ வெளியே ஒரு வேலை கிடைத்து ஏறினார்கள். இறங்கியவர்கள் நோய், மருத்துவச் செலவு, கல்யாணம், சாவு, இவற்றுக்கு வாங்கிய கந்துவட்டி என்று இறங்கினார்கள். வேலை போனதால் இறங்கியது குறைவு, நோயால் இறங்கியதே அதிகம்.

உங்கள் தாளைப் பாருங்கள், ஏறக்குறைய அதேதான். ஏறியது தம்பி வேலையால். மில் மூடியதை விட்டால், இறங்கியது கல்யாணம், சாவு, எலும்பு முறிவு. இந்த வயதில் மீள முடியுமா என்ற கேள்விக்குப் பதிலும் இதற்குள்ளேதான் இருக்கிறது. 68 வயதில் அம்மாவுக்குப் புதிதாக ஒரு வேலை கிடைத்து அவர் ஏறப் போவதில்லை. அந்த வழி மூடிவிட்டது, அதை எதிர்பார்த்து அவரைத் தாரில் உட்கார வைக்காதீர்கள். ஆனால் இறங்கும் வழிகளை அடைக்க வயது தடை இல்லை. அவற்றை அடைத்தாலே முதியவர் ஒரு படி மேலே வந்துவிடுவதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன்.

பெரிய ஓட்டை எது? அந்த 60,000. அஞ்சு பைசா வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய், அதாவது மாதம் 3,000, வருடம் 36,000. நீங்களும் தம்பியும் சேர்ந்து கட்டுவது அத்தனையும் வட்டி. அம்மா பெயரைச் சொல்லி மாதம் 3,000 ரூபாய் உங்கள் இரண்டு வீட்டிலிருந்தும் போகிறது, அம்மா கைக்கு ஒரு ரூபாய் வரவில்லை. அரசு கொடுக்கும் முதியோர் தொகையைப் போல இரண்டரை மடங்கு அது. கடன் கொடுத்தவர் உங்கள் அம்மாவுக்கு மூன்றாவது பிள்ளையாகி, மற்ற இரண்டு பிள்ளைகளின் பணத்தையும் வாங்கிக்கொள்கிறார்.

உங்களிடமோ தம்பி மனைவியிடமோ கொஞ்சம் நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து இந்தக் கடனை இந்த மாதமே முடியுங்கள். வங்கி நகைக் கடனுக்கு வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்குள்தான் வரும், அதாவது 60,000-க்கு மாதம் 600-க்குள். நீங்கள் இருவரும் இப்போது கட்டும் அதே 3,000-ஐ நிறுத்தாமல் கட்டினால் இரண்டு வருடத்துக்குள் கடன் முடிந்து நகை வீட்டுக்கு வந்துவிடும். நகை வைத்து வருடம் திரும்பும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். மறந்தால் நகை ஏலத்துக்குப் போகும். வட்டிக்காரரிடம் பணத்தைக் கொடுக்கும்போது புரோநோட்டைக் கையோடு திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். அவர் முரண்டு பிடித்தால், தமிழ்நாட்டில் 2003-இலிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தையே போதும்.

சரி, நின்றுபோன முதியோர் பணம். நான் நினைப்பது இது: அம்மா ஐந்து மாதம் திருப்பூரில் இருந்தபோது பணம் எடுக்கவில்லை, அல்லது விசாரிக்க வந்தவர் பூட்டிய வீட்டைப் பார்த்து "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டார். இதை அடிக்கடி பார்க்கிறேன். முடியாமல் போனதால் பிள்ளை வீட்டுக்குப் போகிறார்கள். போனதால் பணம் நிற்கிறது. பிள்ளை வீட்டில் ஒத்துவராமல் திரும்பும்போது கையில் ஒன்றும் இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை என்றாலும் விழுகிற இடம் அதே இடம்.

குமாரபாளையம் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று தனி வட்டாட்சியர் இருப்பார். அங்கே போய் எதனால் நிறுத்தினார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நிறுத்தியதும் நிராகரித்ததும் ஒன்றல்ல. மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னால் இ-சேவை மையத்தில் போடலாம், கிராம நிர்வாக அலுவலர் வந்து விசாரிப்பார். அன்றைக்கு அம்மா வீட்டில் இருக்கட்டும். அலைக்கழித்தால் திங்கட்கிழமை நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும், அங்கே மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனால் தறி ஊரில் சின்ன விஷயம் இல்லை: நாற்பது வருடம் நூலைத் தொட்ட விரலில் ரேகை தேய்ந்திருக்கும். பணம் கொடுக்க வருபவரின் கருவி விரலை ஏற்கவில்லை என்பதற்காக மாதக்கணக்கில் பணம் வாங்காத பெண்களை எனக்குத் தெரியும். ஆதார் மையத்தில் விரல் ரேகையையும் கருவிழியையும் புதிதாகப் பதிய வையுங்கள்.

விண்ணப்பத்தில் "ஆதரவற்றவர்" என்ற வார்த்தை வரும். பிள்ளைகளுக்கு அதை எழுதக் கை வராது. "நாங்கள் இருக்கும்போது எங்கம்மாவை எப்படி அப்படி எழுதுவது" என்று ஒரு லாரி டிரைவர் என் முன்னால் அழுதிருக்கிறார். பழைய காலத்துச் சட்ட வார்த்தை அது. 1962-இல் மாதம் 20 ரூபாயோடு இந்தத் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது யாருமே இல்லாதவர்களை மனதில் வைத்துத் தொடங்கினார்கள், வார்த்தை அப்படியே ஒட்டிக்கொண்டது. உங்கள் மனசு சங்கடப்படுகிறது என்பதற்காக அம்மாவின் பணத்தை விட்டுவிடாதீர்கள். அதே சமயம் நீங்கள் இருவரும் என்ன தருகிறீர்கள் என்பதை மறைக்கவும் வேண்டாம். வட்டிக்கு 3,000 போகிறது, அம்மா சாப்பாட்டுக்கு ஒன்றும் போகவில்லை என்பதை அப்படியே சொல்லுங்கள்.

இந்தப் பணம் வந்தால் எல்லாம் தீருமா? தீராது. 2011-இல் 1,000 ரூபாய் ஆக்கினார்கள், பன்னிரண்டு வருடம் அதே ஆயிரமாக இருந்து 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2007-இலிருந்து 200 ரூபாயில் நிற்கிறது. மத்திய அரசு அமைத்த ரங்கராஜன் குழு 2011-12-க்கு நகரத்தில் ஒரு ஆளுக்கு மாதம் 1,407 ரூபாய் என்று வறுமைக் கோடு போட்டது. அன்றைய விலைக்குப் போட்ட அந்தக் கோட்டைக்கூட 1,200 எட்டாது. நின்ற இடத்திலேயே கரையும் பணம் இது. ஆனாலும் அது அம்மாவின் கைக்கு, அம்மாவின் பெயரில், யாரையும் கேட்காமல் வருகிற பணம். அதன் மதிப்பை எண்ணால் மட்டும் அளக்காதீர்கள்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், வறுமையைக் கணக்கெடுப்பவர்கள் குடும்பத்தைத்தான் எண்ணுவார்கள், குடும்பத்துக்குள் போய் யார் கையில் எவ்வளவு என்று எண்ணுவதில்லை. உங்கள் அம்மா குமாரபாளையத்தில் தனியாக இருக்கும்போது அவர் ஏழை. பஸ் ஏறித் திருப்பூருக்குப் போய் தம்பி வீட்டு வாசலில் இறங்கியதும், ஒரு ரூபாய் வருமானம் ஏறாமலே, கணக்கில் வறுமையைவிட்டு வெளியே வந்துவிடுகிறார். அந்த வீட்டில் இரண்டு சம்பளம், டிவி, வண்டி எல்லாம் இருக்கிறதே. ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தால் மறுபடி ஏழை. முதியவர்கள் வறுமைக்குள் போவதும் வருவதும் பாதி இப்படித்தான், பஸ்ஸில் நடக்கிறது. அந்த ஐந்து மாதத்தில் தலைவலித் தைலம் வாங்க 30 ரூபாய்க்கு மருமகளிடம் கேட்க வேண்டியிருந்ததா என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். "ஒத்துவரவில்லை" என்று ஒரே வார்த்தையில் எழுதியிருக்கிறீர்கள். லைன் வீட்டில் ஒரே அறை, நான்கு பேர், இடுப்பில் கம்பி வைத்த ஒரு அம்மா. யாரையும் குறை சொல்வதற்கில்லை.

அடுத்து நான் சொல்லப்போவதை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி வட்டியும் இல்லை, வீடும் இல்லை. கல்யாணத்துக்கு வரவில்லை, மூட்டு வலி என்கிறார் என்று போகிறபோக்கில் எழுதினீர்களே, அதுதான்.

மூட்டு வலி இருக்கலாம். ஆனால் என் அனுபவத்தில் அது மொய். உங்கள் கல்யாணத்துக்குப் பெரியம்மா எழுதிய மொய் அம்மாவுக்கு மனப்பாடமாக இருக்கும். திருப்பி எழுத வேண்டியது 500-ஆ 1,000-மா என்று அவருக்குத் தெரியும், கையில் இல்லை. வெறுங்கையோடு போய்ச் சாப்பிட்டு வருவதற்கு மூட்டு வலி மேல். நம் ஊரில் வயதானவர்கள் கீழே இறங்கும்போது எதை எதை விடுகிறார்கள் என்று ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பூ, வெற்றிலை. அப்புறம் பால், கருப்புக் காப்பியாகிவிடும். அப்புறம் விசேஷங்கள். அப்புறம் மாத்திரை, பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று அவர்களே டாக்டராகிவிடுவார்கள். சாப்பாடு கடைசியில்தான். ரேஷன் அரிசி இலவசமாக வருவதால் தமிழ்நாட்டில் பட்டினி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வருவது குறைவு; அதனாலேயே பக்கத்து வீட்டாருக்கும் தெரிவதில்லை, பிள்ளைகளுக்கும் தெரிவதில்லை. விசேஷத்தை விட்டவர் மாத்திரையிலும் கை வைத்திருப்பார். அடுத்த முறை போகும்போது மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

விசேஷத்தை விடுவதில் இன்னொரு ஆபத்து. அம்மா விழுந்த அன்றைக்கு ஆட்டோ பிடித்து ஓடியது யார்? பக்கத்து வீட்டுக்காரர்களும் சொந்தக்காரர்களுமாகத்தான் இருந்திருக்கும். மொய் நோட்டு என்பது வெறும் வரவு செலவு இல்லை, ஆத்திர அவசரத்துக்கு யார் கதவைத் தட்டலாம் என்கிற பட்டியல். அதிலிருந்து ஒருவர் தானாகப் பெயரை அடித்துக்கொண்டால் அடுத்த முறை விழும்போது தாங்க ஆள் இருக்காது.

இப்போது வீட்டு விஷயம். உங்கள் தம்பி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. மாதம் 1,500 வட்டி கட்டுகிறார், ஐந்து மாதம் வைத்துப் பார்த்திருக்கிறார். அவர் மனசாரத்தான் கேட்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தம்பிக்கும் நாளைக்கு ஒரு அவசரம் வரலாம், பனியன் கம்பெனிக்கு ஆர்டர் நிற்கலாம், அவர் அந்தப் பத்திரத்தை அடமானம் வைக்க நேரலாம். அவருடைய இறக்கத்தில் அம்மாவும் சேர்ந்து இறங்குவார். இவ்வளவு இறக்கத்திலும் அம்மா வாடகை கொடுக்காமல் படுத்தெழ ஒரு இடம் இருந்ததே, அதுதான் அவரைத் தாங்கியது. வீடு போன பிறகு இறங்குவது வேறு மாதிரி இறக்கம். அதிலிருந்து ஏறி வந்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தம்பி கேட்பது போல இப்போதே எழுதி வைப்பதற்குப் பெயர் செட்டில்மென்ட் பத்திரம். அது பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். உயில் அப்படி இல்லை, அம்மா காலத்துக்குப் பிறகே நடப்புக்கு வரும், அவர் நினைத்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். தம்பிக்கு நம்பிக்கை வர வேண்டும் என்றால் அம்மா உயில் எழுதட்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடட்டும், பதிவும் செய்துவிடலாம். சாட்சி வெளியாட்களாக இருப்பது நல்லது. வீட்டில் உங்களுக்கும் பங்கு வேண்டுமா என்பதை நீங்கள் எழுதவில்லை. அதையும் உயிலுக்கு முன்னால் மூன்று பேரும் வாய்விட்டுப் பேசிவிடுங்கள், பேசாமல் விட்டது பிறகு கோர்ட்டில் பேசும். பழைய பட்டாவில் அச்சிட்ட நிபந்தனைகளையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

இவ்வளவு சொல்லியும் அம்மா செட்டில்மென்ட்தான் என்று நின்றால் இரண்டு வரியாவது அதில் இருக்க வேண்டும். ஒன்று, உயிருள்ளவரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை அம்மாவுக்கே. இரண்டு, அம்மாவின் சாப்பாடு, மருத்துவம், அடிப்படைத் தேவைகளை மகன் கவனிப்பார் என்ற நிபந்தனையின் பேரில் இது எழுதித் தரப்படுகிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, அப்படி நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். நிபந்தனை பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டுமா என்பதில் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. 2022-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாக இருந்தது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் முதியவர் பக்கம் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. தீர்ப்பை நம்பி இருப்பதைவிட ஒரு வரி எழுதிவிடுவது எளிது. உங்கள் ஊருக்கு இந்தச் சட்டத்தின் தீர்ப்பாயம் திருச்செங்கோடு கோட்டாட்சியர். அங்கே போகும் நிலை வர வேண்டாம் என்றே விரும்புகிறேன். முதியோர் உதவி எண் 14567, அதை அம்மா போனில் பதிந்து வையுங்கள்.

அடுத்த இறக்கம் எங்கிருந்து வரும் என்றால் பெரும்பாலும் அதே பாத்ரூமிலிருந்து. சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, தரையில் சொரசொரப்பான சிமெண்ட் பூச்சு, இரவில் எரியும் ஒரு சின்ன பல்பு. ஆயிரம் ரூபாய்க்குள் முடியும், கொத்தனார் கூலி தனி. கண்ணில் புரை இருக்கிறதா என்று பாருங்கள், பார்வை மங்கியவர்கள்தான் இரண்டாம் முறையும் விழுகிறார்கள். அரசு மருத்துவமனையில் புரை அறுவை இலவசம். பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுத்தால் வீட்டுக்கே வரும்.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உங்களிடம் இருந்ததா என்று நீங்கள் எழுதவே இல்லை. குடும்ப வருமானம் வருடம் 1,20,000-க்குள் இருந்தால் கிடைக்கும், அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். அந்த அவசரத்தில் யாருக்கும் அட்டை நினைவு வராது, ஆட்டோக்காரர் எந்த வாசலில் நிறுத்துகிறாரோ அதுதான் மருத்துவமனை. அதனால் இப்போதே அட்டை எடுத்து, ஈரோடு, குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் எந்தெந்த மருத்துவமனை அதில் இருக்கிறது என்று 1800 425 3993-இல் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. கடிதத்தின் இரண்டாவது வரியில் நீங்கள் கவனிக்காமல் எழுதியது. அப்பா மில்லில் 15 வருடம் வேலை பார்த்தார் என்றீர்கள். 2003-இல் மில்லை மூடியபோது பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தை எடுத்திருப்பார். ஆனால் பி.எஃப். வேறு, அதோடு சேர்ந்த ஓய்வூதியம் வேறு. 1995 நவம்பரில் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், அதற்கு முந்தைய குடும்ப ஓய்வூதியச் சேவையையும் கூட்டிப் பத்து வருடம் தாண்டியவர்களுக்கு அந்த ஓய்வூதியப் பகுதியை மொத்தமாக எடுத்துக்கொள்ள வழி இல்லை. 58 வயதிலிருந்து மாதா மாதம் வர வேண்டும், அவருக்குப் பிறகு மனைவிக்கு வர வேண்டும். 2014 செப்டம்பரிலிருந்து அது குறைந்தது மாதம் 1,000. மில் ஒழுங்காகக் கட்டியிருந்தால் உங்கள் அப்பாவுக்கு அவர் 58-ஐத் தொட்ட நாளிலிருந்து சேர வேண்டிய பணம் யாரும் கேட்காமல் கிடக்கிறது என்று பொருள். அம்மாவுக்கு 2021-இலிருந்து. மூடிய மில்களின் தொழிலாளர் வீடுகளில் இப்படிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். பி.எஃப். பணம் வந்துவிட்டது, கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மில் அடையாள அட்டை, பி.எஃப். எண் எழுதிய சீட்டு, பழைய சம்பளச் சீட்டு, எதுவானாலும் சரி. கூடவே விசைத்தறி நல வாரிய அட்டை இருக்கிறதா என்றும் தேடுங்கள். அம்மா 60 வயதுக்கு முன் அதில் பதிந்திருந்தால் அது தனிக் கதை. பி.எஃப். அலுவலகம் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி எல்லா மாவட்டத்திலும் குறைகேட்பு முகாம் நடத்துகிறது. அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், வங்கிப் புத்தகத்தோடு அங்கே போய் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் 10-டி படிவம் கேளுங்கள். அந்த ஓய்வூதியம் வர ஆரம்பித்தால் முதியோர் தொகையை மறுபடி பரிசீலிப்பார்கள், அதை மறைக்க வேண்டாம். இரண்டில் எது நின்றாலும், இப்போது இருக்கும் பூஜ்யத்தைவிட மேல்.

ஆவணிக் கல்யாணம் எத்தனையாம் தேதி என்று நீங்கள் எழுதவில்லை. 27-ஆம் தேதி முகாமுக்கு முன்னால் என்றால் முதலில் கல்யாணம். அம்மா கையில் 500 ரூபாயைக் கொடுங்கள், மொய் அவர் பெயரிலேயே எழுதட்டும். பி.எஃப். எண் கிடைத்தால் அந்தச் சீட்டை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், படிவத்தை எப்படி நிரப்புவது என்று எழுதி அனுப்புகிறேன்.